இதயக் குழாய்கள் இடம் மாறிய குழந்தை: பிரசவம் எங்கே?

கேள்வி: என் மகளுக்கு ஆறாம் மாதம். குழந்தையின் இதயத்தில் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருப்பதாக எக்கோவில் சொல்கிறார்கள். பிள்ளை பிழைக்குமா? தக்கலையிலேயே பிரசவம் பார்த்துவிட்டு, அப்புறம் திருவனந்தபுரம் கொண்டு போகலாமா?

பதில்: பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அம்மா. வேறு பெரிய கோளாறு இல்லையென்றால், அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு மேல் அறுவையைத் தாண்டி வருகிறார்கள். வைத்தியமே பார்க்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். எல்லாம் முதல் சில நாட்களில்தான் இருக்கிறது. அதனால், பிரசவத்தைத் திருவனந்தபுரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும்போது பிள்ளை நல்ல எடையோடு, நன்றாகவே அழும். ஆனால் உடலைச் சுற்றி வந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் திரும்ப உடலுக்கே போகிறது. நல்ல ரத்தம் கலப்பதற்குக் கருவில் இருந்த சிறு வழிகள்தான் கதி. பிறந்ததும் அவை மூடத் தொடங்கும். அதைத் தடுக்க புராஸ்டாகிளான்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் மேலறைகளுக்கு இடையிலுள்ள துளையை பலூனால் விரிப்பார்கள். அந்த மருந்தால் சில பிள்ளைகளுக்கு மூச்சு நின்று நின்று வரும். மார்த்தாண்டம் நெரிசலில் ஆம்புலன்சுக்குள் அதைச் சமாளிக்க வேண்டுமா?

ஒரு விஷயம்: அங்கே இதய அறுவை செய்யும் ஸ்ரீ சித்திரா மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதில்லை. அதே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் பிரசவம் பார்க்கும் எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது. எங்கே பிரசவம், பிள்ளையை யார் வாங்கிக்கொள்வது என்று இப்போதே பேசி வையுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குழாய்களை மாற்றித் தைக்கும் அறுவையைப் பொதுவாக முதல் இரண்டு மூன்று வாரங்களில் செய்துவிடுவார்கள். தள்ளிப்போட்டால், நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ளிக்கொண்டிருக்கும் இடது அறை வலுவிழந்துவிடும். பிறகு உடல் முழுவதற்கும் தள்ளத் திணறும். கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டையும் இருந்தால் இந்த நாள் கணக்கு கொஞ்சம் மாறும். அறுவையில் நுட்பமான வேலை, இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி குழாய்களைப் பெயர்த்துத் தைப்பது.

அப்புறம் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூடம், விளையாட்டு என்று சாதாரணமாக வளர்கிறார்கள். எக்கோ மட்டும் ஆயுளுக்கும் பார்க்க வேண்டும். நுரையீரல் குழாய் சிலருக்குச் சுருங்கும்.

கிரகணத்தில் வெளியே போனாள் என்று யாராவது மகளைக் குத்திக் காட்டினால், அப்படி எதுவும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். ஒருவேளை பிரசவம் முந்திக்கொண்டு ஊரிலேயே ஆகிவிட்டால், ஆக்சிஜன் குறைந்தால் வரும் நீலம் நம் மாநிறப் பிள்ளைகளுக்குத் தோலில் எளிதில் தெரியாது, நாக்கைப் பாருங்கள். எக்கோ அறிக்கையை நீட்டி, கிளம்பும் முன்பே புராஸ்டாகிளான்டின் தொடங்கச் சொல்லுங்கள்.