டொரண்டோவில் இருந்து கணவன் மனைவி இருவர் மட்டும் குளிர்காலத்தில் மெக்சிகோ கடற்கரை ரிசார்ட்டுக்குப் போக, கையைக் கடிக்காத வழி உண்டா?

உண்டு. ஆனால் ரிசார்ட்டைத் தேடுவதற்கு முன் வாரத்தைத் தேடுங்கள். அதே விமானம், அதே அறைதான்; கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு விலை, புத்தாண்டுக் கூட்டம் வடிந்த ஜனவரியில் வேறு விலை. டிசம்பர் முதல் பாதியும் மலிவுதான். பிப்ரவரியின் குடும்ப தின விடுமுறை, மார்ச் பிரேக் என்கிற பள்ளி விடுமுறை பக்கம் போகவே வேண்டாம். அது பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் வேறு வழியில்லாமல் கொடுக்கும் விலை.

அடுத்தது, ஆல் இன்க்ளூசிவ் பேக்கேஜ் எடுப்பதா, தனித்தனியாகப் போடுவதா என்பது. நானும் என் கணவரும் இரண்டு விதமாகவும் போயிருக்கிறோம். விமானம், அறை, சாப்பாடு, விமான நிலைய பஸ் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் கடைசி நேரத்தில் சில சமயம் ஆச்சரியமான விலைக்குக் கிடைக்கும்; அப்போது யோசிக்காமல் எடுக்கலாம். மற்றபடி, எங்களைப் போல மது தொடாத ஆட்கள் அடுத்தவர் குடிக்கும் டெக்கீலாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள் என்பதே என் எண்ணம். சைவம் என்றால் இன்னும் கொஞ்சம் நஷ்டம். பஃபேயில் இருக்கும் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பிலும், சோற்றைக் கோழிச் சாற்றிலும் சமைப்பது அங்கே சர்வ சாதாரணம். கேட்காமல் தட்டில் போடாதீர்கள். பழங்களில் மட்டும் குறையே இல்லை. பப்பாளி, மாங்காய், எலுமிச்சை, மேலே மிளகாய்த்தூள் என்று மெரினாவில் சாப்பிடுவது போலவே சாப்பிடலாம்.

தனியாகப் போடுவதென்றால், கரீபியன் கடற்கரையில் கான்கூனுக்குத் தெற்கே இருக்கும் பிளாயா டெல் கார்மென் என்ற ஊர் நல்ல தேர்வு. கான்கூன் விமான நிலையத்திலிருந்தே ஏடிஓ என்ற கம்பெனியின் பஸ் இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரப் பயணம். கடலை ஒட்டிய ஐந்தாவது அவென்யூவிலிருந்து சில தெரு உள்ளே தள்ளிச் சின்ன ஹோட்டலாகப் பாருங்கள். அறையில் ஒரு அடுப்பு இருந்தால் ரொம்ப நல்லது. சூடான டார்ட்டியாவை, அதாவது மக்காச்சோள ரொட்டியை, கிலோ கணக்கில் விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும். அவகாடோவும் தக்காளியும் வாங்கிவிட்டால் ஒரு வேளை முடிந்தது. கடற்கரையைப் பற்றிக் கவலை வேண்டாம். மெக்சிகோவில் சட்டப்படி எல்லாக் கடற்கரையும் பொதுச்சொத்து. ஐந்து நட்சத்திர ரிசார்ட்டின் முன்னாலும் நீங்கள் மணலில் துண்டை விரிக்கலாம். நாற்காலியும் குடையும்தான் அவர்களுடையவை.

கான்கூனிலேயே தங்குவதென்றால் வரைபடத்தைப் பாருங்கள். ஹோட்டல் பகுதி 7 என்ற எண்ணின் வடிவத்தில் கிடக்கும். மேல் கோட்டில், வடக்கைப் பார்த்த கடற்கரைகளில், தண்ணீர் அமைதியாக இருக்கும். கீழே இறங்கும் நீளக் கோடு கிழக்கே திறந்த கடலைப் பார்ப்பதால் அலை முரட்டுத்தனம். குளிர்காலத்தில் 'நோர்தே' என்கிற வடகாற்று வந்துவிட்டால் சிவப்புக் கொடி ஏறும், காலை நனைப்பதோடு சரி. நீச்சல் தெரியாதவர்கள் மலிவாக இருக்கிறதே என்று அந்தக் கிழக்குப் பக்கம் அறை போடாதீர்கள். கடல் பார்த்த அறைக்கு அதிகம் கொடுப்பதும் வீண், அறையில் இருக்கப் போவது தூங்கும் நேரம் மட்டும்தான்.

கரீபியன் பக்கம் கரையில் குவிந்து நாறும் சர்காசம் பாசி பெரும்பாலும் கோடைத் தொல்லை. அதற்குப் பயந்து பசிபிக் பக்கம் ஓட வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை திமிங்கிலம் பார்க்க ஆசை இருந்தால் அந்தப் பசிபிக் கரையில் உள்ள புவெர்டோ வயார்டா நகரை யோசிக்கலாம்.

அப்புறம், பணம் சத்தமில்லாமல் கசியும் இடங்கள். விமான நிலையத்தில் 'டாக்ஸி வேண்டுமா, இலவச டூர் வேண்டுமா' என்று சிரித்த முகத்தோடு வழிமறிப்பவர்களில் பலர் டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் பங்கு) விற்பவர்கள், நிற்காமல் நடந்துவிடுங்கள். ஏடிஎம்மில் 'தொகையை உங்கள் டாலராக மாற்றிக் கணக்கில் கழிக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, மெக்சிகோ பணமான பெசோ கணக்கிலேயே எடுங்கள். பேக்கேஜ் விலையில் சேராத சுற்றுச்சூழல் வரி ஒன்றை ஹோட்டல்காரர்கள் ஒவ்வொரு இரவுக்கும் தனியாகக் கேட்பார்கள், அது நியாயமானதுதான். டிப்ஸை பெசோ நோட்டாகக் கொடுங்கள். நம் ஊர் டூனி எனும் இரண்டு டாலர் நாணயத்தை அங்கே வேலை செய்பவர்களால் வங்கியில் மாற்ற முடியாது.

ரிசார்ட் மேசையில் விற்கும் டூர்களில் பாதியை நாமே போய்வரலாம். கான்கூனின் புவெர்டோ ஹுவாரெஸ் துறையிலிருந்து படகு ஏறினால் இருபது நிமிடத்தில் இஸ்லா முஹேரஸ் தீவு. அங்கே பிளாயா நோர்தே கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். துலும் மாயன் இடிபாடுகளுக்கு பிளாயா டெல் கார்மெனிலிருந்து ஷேர் வேன் ஓடுகிறது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் செல்லுபடியாகும் கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கார்டு இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை. பயணக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப்பை நம்பி அங்கே ஆஸ்பத்திரியில் படுக்க முடியாது.