முழங்கால் நோவும் தொடைப் பலமும்: வன்னிக் கேள்விகள், என் பதில்கள்

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் பதினான்கு வருடமாக இயன்மருத்துவராக ஓடித்திரிகிறேன். முழங்கால் பற்றி எதுவும் கேளுங்கள் என்றேன். நாற்பதுக்கு மேல் வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: முழங்கால் சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால், மடித்த கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால், சத்திரசிகிச்சைக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கி நொந்தால், இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாங்குளம், வயது 34: அக்கா, மோட்டார் சைக்கிளால விழுந்து முழங்கால் வீங்கி மூண்டு கிழமை. எலும்பு உடையேல்லை எண்டு எக்ஸ்ரே பாத்துச் சொல்லிச்சினம். நோ குறைஞ்சிட்டுது. ஆனா தொடை மெலிஞ்சு போச்சு, படி இறங்கேக்க கால் மடங்கப் பாக்குது. நான் சும்மா படுத்திருந்ததாலயா?

படுத்திருந்தது ஒரு பங்குதான். மற்றப் பங்கு உங்கள் கையில் இல்லை, தம்பி. தொடையின் முன்பக்கத்தில் நாலு தசைகள் சேர்ந்து முழங்கால் சிரட்டையை மேலே இழுத்துத்தான் கால் நிமிர்கிறது. மூட்டுக்குள் தண்ணி கட்டியதும் மூட்டுறையில் உள்ள நரம்புகள் முள்ளந்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து தொடைக்குப் போகும் கட்டளை குறைக்கப்படுகிறது. நீங்கள் எவ்வளவு மனது வைத்தாலும் தசை முழுதாக இறுகாது. தசைக்குக் காயம் இல்லை. அதை யாரோ பாதி அணைத்து வைத்த மாதிரி.

இதை நல்ல முழங்கால்களிலேயே சோதித்திருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லாத ஆட்களின் மூட்டுக்குள் உப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். 1984இல் வெளியான ஆய்வில், 20 முதல் 30 மில்லிலீற்றர் ஏறியதுமே தொடையின் உட்பக்கத் தசை மந்தமாகிவிட்டது. அதாவது இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். மற்றத் தசைகளுக்கு 50, 60 மில்லிலீற்றர் தேவைப்பட்டது. அவர்களுக்கு நோவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "நோ போய்விட்டது, இனிச் சரி" என்று நாங்கள் நினைப்பது ஏன் பிழை என்பது இதில் தெரியும்.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. பாயில் காலை நீட்டி இருந்து, துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வையுங்கள். துவாயைக் கீழே நசுக்குவது போல் அழுத்துங்கள். சிரட்டைக்குச் சற்று மேலே, உட்பக்கத்தில், விரலை வைத்துப் பாருங்கள். நல்ல காலில் அந்த இடம் கல் மாதிரி இறுகும். உங்கள் காலில் ஊறவைத்த பாண் மாதிரி இருந்தால் தசை இன்னும் நித்திரைதான். ஐந்து செக்கன் அழுத்திப் பிடித்து விடுவதையே பத்துப் பத்தாக, நாளைக்கு நாலைந்து தரம் செய்யுங்கள். செய்வதற்கு முன் இருபது நிமிடம் ஐஸ் வைத்தால் அந்தத் தடை கொஞ்ச நேரத்துக்குத் தளர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஐஸ் வீக்கத்துக்கு மட்டும் இல்லை, பயிற்சிக்குக் கதவு திறக்கவும்தான். துணியில் சுற்றி வையுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்களுக்கு மீன் பெட்டி ஐஸ் சுலபம். மாங்குளத்தில் சர்பத் கடைக்காரரைச் சிநேகம் பிடிக்க வேண்டியதுதான்.

கால் மடங்குவது இரண்டு கிழமையில் குறையாவிட்டால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது.

புதுக்குடியிருப்பு, வயது 41: காலை நேரா நீட்டித் தூக்கி இறக்கச் சொல்லிக் குடுத்தவை. ஒரு நாளைக்கு 100 தரம் செய்யிறன். ரெண்டு மாசம் ஆச்சு. தொடை அப்பிடியேதான் கிடக்கு. இன்னும் கூட்டிச் செய்யவோ?

எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். பாரத்தைக் கூட்டுங்கள்.

இந்தப் பிழையை நானும் செய்தவள்தான். வேலைக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு தாள் இருந்தது. அதில் காலைத் தூக்கும் படம். இருபது வயதுப் பையனுக்கும் எழுபது வயது அம்மாவுக்கும் அதே தாள். ஒரு வருடம் கழித்துத் தொடைச் சுற்றளவுகளை எழுதி வைத்த கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. எதுவும் அசையவில்லை.

இதற்கு விடை 1945இலேயே எழுதப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப்போரில் முழங்கால் காயப்பட்டு வந்த சிப்பாய்களைச் சிக்காகோவில் ஒரு இராணுவ ஆஸ்பத்திரியில் பார்த்த தோமஸ் டிலோர்ம் என்ற வைத்தியர், அப்போதைய வழக்கமான இலேசான பயிற்சியைக் கைவிட்டார். பத்துத் தரம் மட்டுமே தூக்க முடிகிற பாரத்தைக் கண்டுபிடித்து, அதை வைத்தே செய்யச் சொன்னார். பலம் கூடினால் பாரமும் கூடும். முதலில் பத்துத் தரம் கொண்ட சுற்றுகள் ஏழு முதல் பத்து வரை செய்வித்தவர், 1948இல் வொட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார். முதல் சுற்று பாதிப் பாரம், இரண்டாவது முக்கால், மூன்றாவது முழுப் பாரம். எண்பது வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. 100 தரம் தூக்க முடிகிறது என்றாலே அந்தப் பாரம் உங்கள் தசைக்கு ஒரு பொருட்டில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் ஊரில் இதைச் செய்ய இயந்திரம் தேவையில்லை. 1.5 லீற்றர் போத்தல் இரண்டில் காய்ந்த மணலை நிரப்பினால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. துணிப் பையில் போட்டுக் கணுக்காலில் மாட்டி, உயரமான கதிரையில் இருந்து காலை மெதுவாக நிமிர்த்தி, மூன்று செக்கனில் இறக்குங்கள். ஐந்து கிலோ கூடுதல் என்றால் ஒரு போத்தலோடு தொடங்குங்கள்.

இன்னொன்று பழைய சைக்கிள் ரியூப். ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் வளையமாகப் போடலாம். வால்வு இருக்கிற துண்டை வெட்டி எறிந்துவிடுங்கள். அந்த இடத்தில்தான் அறும், அறுந்தால் முகத்தில் அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். நோ பத்துக்கு நாலு, ஐந்து வரை போகலாம். அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வீக்கம் கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். ஏ.சி.எல். (முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார்) சத்திரசிகிச்சை செய்து சில கிழமைகளே ஆனவர்கள் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம். எந்தக் கோணம் வரை நீட்டலாம் என்று உங்களைப் பார்க்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரந்தன், விவசாயி, வயது 61: பிள்ளை, எக்ஸ்ரேயில முழங்கால் தேய்ஞ்சு போச்சு எண்டு எழுதியிருக்கு. தேய்ஞ்ச மூட்டில பாரம் போட்டா இன்னும் தேயாதோ? வண்டிச் சில்லு மாதிரித்தானே?

ஐயா, வண்டிச் சில்லுக்கு உயிர் இல்லை. குருத்தெலும்புக்கு உண்டு. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. அமுக்கி விடும்போதுதான் மூட்டுத் தண்ணீரிலிருந்து ஊட்டம் உள்ளே போகிறது. அசையாமல் வைத்திருந்தால் அது பட்டினி. அதோடு, எக்ஸ்ரேயில் தெரியும் தேய்வும் நோவின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆட்கள் நிறைய. மோசமான படத்தோடு அருவி வெட்டுகிறவர்களையும், நல்ல படத்தோடு நொண்டுகிறவர்களையும் பார்க்கிறேன்.

ஆனால் உங்களிடம் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மேலே பாரம், பாரம் என்று எழுதினேன். தேய்வுக்காரரில் பாரமான பயிற்சி இலேசான பயிற்சியை விட நோவைக் கூடுதலாகக் குறைக்குமா என்று அமெரிக்காவில் 377 பேரைப் பதினெட்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2021இல் வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. அவ்வளவு ஏன், பயிற்சி இல்லாமல் சுகாதார வகுப்புக்கு மட்டும் வந்தவர்களோடு ஒப்பிட்டும் நோவில் வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, ஆனால் மறைக்க முடியாது. மறுபக்கம், 2015இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பயிற்சியால் நோவும் நடமாட்டமும் ஓரளவு மேம்படுவது தெரிந்தது. ஆகவே உங்களுக்கு என் சொல்: டிலோர்மின் இரும்புக் கணக்கு வேண்டாம். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள், மூன்று சுற்று. குளக்கட்டில் அரை மணி நேரம் நடவுங்கள்.

எடை கூடுதல் என்றால் அதைக் குறைப்பது பெரிய காரியம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். பரந்தன் சந்திக்குப் போய்வர எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள்.

வட்டக்கச்சி: சித்த வைத்தியரின்ர எண்ணெய் பூசி, பத்துப் போடலாமோ?

பூசுங்கள், இதமாக இருக்கும். தொடை அதால் பலக்காது. புண் இருந்தால் வேண்டாம்.

கிளிநொச்சி நகரம், வயது 22: ஏ.சி.எல். ஒப்பரேசன் செய்து அஞ்சு மாசம் அக்கா. ஓடுறன், ஒரு நோவும் இல்லை. அடுத்த மாசம் கழகத்தின்ர உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. கோல் காப்பாளராயாவது நிக்கலாமோ?

இல்லை.

கோல் காப்பாளர் குதித்து ஒற்றைக் காலில் இறங்குகிறவர், தம்பி. அது முன்வரிசையை விடச் சுலபம் என்று யார் சொன்னது? நோர்வேயிலும் அமெரிக்காவிலுமாக 106 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வந்தது. உதைபந்தாட்டம் மாதிரி வெட்டித் திரும்பும் விளையாட்டுக்குப் போனவர்களுக்கு மறுபடி முழங்கால் காயம் நாலு மடங்குக்கு மேல். ஆனால் திரும்பிப் போவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், ஒன்பது மாதம் வரை, அந்த ஆபத்து ஏறத்தாழ பாதியாகியது. உள்ளே வைத்த நாருக்கு நீங்கள் எப்படி உணர்கிறீர்கள் என்பது தெரியாது. அது தன் பாட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது.

ஒன்பது மாதம் மட்டும் போதாது, பலமும் வேண்டும். அதே ஆய்வில் தொடைப் பலம் மற்றக் காலுக்குக் கிட்ட வர வர ஆபத்து குறைந்தது. வழக்கமான அளவுகோல், மற்றக் காலின் 90 வீதம். இயந்திரம் இல்லாவிட்டால் மைதானத்தில் கோடு கீறி, ஒற்றைக் காலால் பாய்ந்து அதே காலில் தடுமாறாமல் நின்று, நாடாவால் அளவுங்கள். இரண்டு காலும் மூன்று மூன்று தரம். ஆனால் பாய்ச்சல் ஏமாற்றும்: இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து பலவீனமான தொடையை மறைத்துவிடும். ஆகவே தாழ்வான கதிரையிலிருந்து ஒற்றைக் காலால் எத்தனை தரம் எழும்ப முடிகிறது என்றும் இரண்டு பக்கமும் எண்ணுங்கள். நல்ல கால் 18, மற்றது 9 என்றால் கழகத்துக்கு என்ன சொல்வதென்று உங்களுக்கே தெரியும். சுற்றுப்போட்டியில் கோடு காட்டும் வேலை இருந்தால் எடுத்துச் செய்யுங்கள்.

வவுனியா, ஒரு தாய்: மகளுக்கு 16 வயது, வலைப்பந்து விளையாடேக்க ஏ.சி.எல். கிழிஞ்சிட்டுது. உடன ஒப்பரேசன் செய்யாட்டி கால் பழுதாப் போகும் எண்டு ஆக்கள் பயப்படுத்தினம்.

அவசரம் இல்லை, அம்மா. சுவீடனில் 121 இளையவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும், மறுபகுதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு சத்திரசிகிச்சை என்று பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவில் இரண்டு பகுதியும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, இரண்டாம் பகுதியில் ஏறத்தாழ பாதிப்பேர் கத்தியே வைக்காமல் இருந்தார்கள். ஆனால் அவர்கள் 18 முதல் 35 வயது. 16 வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கால் வழுக்கி வழுக்கிப் போனாலோ சவ்வும் (மூட்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது) சேர்ந்து கிழிந்திருந்தாலோ கணக்கு வேறு. எலும்பு நிபுணரிடம் காட்டுங்கள். அந்தத் திகதி வரும் வரை தொடைப் பயிற்சியைத் தொடங்குங்கள். சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது வீண் போகாது.

ஒட்டுசுட்டான், வயது 49: விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. ஸ்கானில சவ்வு கிழிவு எண்டு இருக்கு. துளை போட்டு வெட்டி எடுக்கவோ?

இந்த வயதில் அடிபடாமல் வரும் கிழிவு நரை மாதிரி, அக்கா. பின்லாந்தில் 146 பேரில் பாதிப்பேருக்குச் சவ்வை வெட்டி, மறுபாதிக்கு வெட்டியது போல் நடித்தார்கள். ஒரு வருடத்தில் வித்தியாசம் இல்லை. மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு யோசியுங்கள். கால் பூட்டிக்கொண்டால் மட்டும் முந்திப் போங்கள்.

விசுவமடு, வயது 52: 2009இல முழங்காலுக்குக் கீழ இடது கால் போயிட்டுது. பொய்க்காலோட தோட்டம் செய்யிறன். இப்ப நல்ல கால் முழங்காலில நோ. இதுவும் போனா என்ன செய்யிறது எண்டு பயமாயிருக்கு.

அண்ணை, உங்கள் பயம் புரிகிறது. கால் இழந்தவர்களுக்கு எதிர்ப்பக்க முழங்காலில் நோவும் தேய்வும் கூடுதலாக வருவது தெரிந்த விடயம். காரணம் நல்ல கால் இல்லை, பொய்க்கால் பக்கம்தான். அந்தப் பக்கம் ஊன்றுவதைக் குறைத்துக் குறைத்து அங்குள்ள தொடை மெலிகிறது, பாரம் எல்லாம் வலதுக்குப் போகிறது. ஆகவே பயிற்சி இடது தொடைக்கு. பொய்க்காலைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்து, எஞ்சிய காலை நிமிர்த்துங்கள். பையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே மாட்டலாம். நெம்புகோல் குட்டை என்பதால் பாரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பிறகு குப்புறப் படுத்துக் காலைப் பின்னால் உயர்த்துங்கள்.

இரவில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறீர்களா? வைக்காதீர்கள். மடிந்த நிலையிலேயே இறுகிவிட்டால் பொய்க்கால் ஒருபோதும் சரியாக ஊன்றாது.

பொய்க்காலில் உங்கள் கால் நுழையும் கிண்ணம் எப்போது மாற்றியது? தொடையும் காலும் மெலிந்தால் கிண்ணம் தளரும், மூன்று காலுறை போட்டும் ஆடினால் அதன் காலம் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையத்தில் காட்டலாம். நோ உள்ள முழங்காலுக்கு மருந்து தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். என்னிடம் வந்த பலருக்குக் கிண்ணம் மாற்றியதிலேயே பாதி நோ போயிருக்கிறது.

முள்ளியவளை: குந்தி எழும்பேக்க முழங்கால் "கறக், கறக்" எண்டுது. நோ இல்லை.

நோவும் வீக்கமும் இல்லாத சத்தம் வெறும் சத்தம்தான்.

அக்கராயன், வயது 45: சைக்கிள் ஓடினா முழங்காலுக்கு நல்லது எண்டு சொல்லுறியள். நான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு ஓடுறன், சிரட்டைக்கு முன்னால நோகுது.

சைக்கிளில் பிழை இல்லை, சீற்றில்தான். எங்கள் ஆட்கள் இரண்டு காலும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று சீற்றைப் பதித்து வைக்கிறார்கள். முழங்கால் கூடுதலாக மடிந்தபடி மிதித்தால் சிரட்டைக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடிந்திருக்க வேண்டும். முதலில் இரண்டு விரல் அளவு உயர்த்தி ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். நட்டு கறள் பிடித்திருந்தால் இரவே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள், காலையில் கழலும்.