கோழியின் ஆசனவாய் தளர்ந்திருப்பது குறித்து

கோத்தகிரியில் நீங்கள் வளர்க்கும் கோழி, பெரிய முட்டையொன்றைச் சிரமப்பட்டு இட்டபின் காலை இழுத்து நடப்பதாகவும், எச்சம் பின்புற இறகுகளிலேயே ஒட்டிக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் நரம்பழுத்தத்தால் நேர்ந்திருக்கக்கூடும். பறவைகளில் காலுக்குரிய நரம்புப் பின்னல் சிறுநீரகத்தின் ஊடே செல்வதால், இடுப்பில் சிக்கும் முட்டை அதை நசுக்கலாம். அதற்குச் சற்றுப் பின்னே புறப்படும் மற்றொரு பின்னலே எச்சமும் முட்டையும் வெளிவரும் பொதுப்புழைக்கும் அதன் வாயான ஆசனவாயைச் சுருக்கும் தசைக்கும் நரம்புகளைத் தருகிறது.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஆசனவாயின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். உடனே சுருங்கினால், தோலின் உணர்வேற்பிகளிலிருந்து தண்டுவடம் சென்று தசைக்குத் திரும்பும் பாதை அறுபடவில்லை என்று கொள்ளலாம். அது உண்மையிலேயே நம்பிக்கையூட்டும் அறிகுறி. சுருங்காவிட்டாலோ, சிவந்த சதை வெளியே தெரிந்தாலோ, இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வயிற்றை அழுத்த வேண்டாம். உள்ளே இன்னொரு முட்டை இருந்தால் உடைந்துவிடும். இரவுக் குளிர் படாமல், மற்றக் கோழிகள் கொத்தாதபடி தனியே வையுங்கள்.