கட்சி மாறும் பிரபுக்கள்: ஃபேண்டஸித் தொடர் எழுதுவோர் கேட்டவை

பிரபு வம்சங்கள், அவற்றுக்குள் நடக்கும் காலைவாரல்கள் என்று நீண்ட மிகுபுனைவுத் தொடர் எழுதிவரும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய வந்திருந்தன. அவற்றில் சில:

கேள்வி: அரசனின் வலது கையாக இருந்த பிரபு, போர்க்களத்தில் எதிரிப் பக்கம் சாய்கிறான். கதையைப் படித்தவர்கள் எல்லோரும் ‘திடீரென்று இருக்கிறது’ என்கிறார்கள். முன்கூட்டியே குறிப்பு வைத்தால் திருப்பம் கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. 1485 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் பாஸ்வொர்த் களத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். மூன்றாம் ரிச்சர்ட் மன்னர். எதிரே ஹென்றி டியூடர். ரிச்சர்ட் நம்பவேண்டியிருந்த பெரும் பிரபுக்களில் ஒருவர் தாமஸ் ஸ்டான்லி. அவருடைய மனைவி மார்கரெட் போஃபோர்ட், ஹென்றியைப் பெற்றவர். அதாவது அரசரின் பிரபு, எதிரிக்கு மாற்றாந்தகப்பன்! இது ஊருக்கே தெரியும், ரிச்சர்டுக்கும் தெரியும். அதனால்தான் ஸ்டான்லியின் மகனைப் பிடித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அப்படியும் ஸ்டான்லி எந்தப் பக்கம் என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அண்ணனும் தம்பியும் படையோடு ஒதுங்கி நின்றார்கள். ரிச்சர்ட் தன் மெய்க்காவலர்களோடு ஹென்றியை நோக்கிப் பாய்ந்தபோது, தம்பி வில்லியம் ஸ்டான்லியின் ஆட்கள் குறுக்கே இறங்கினார்கள். கதை முடிந்தது. ரிச்சர்டின் பக்கம் பின்னணியில் நின்ற நார்தம்பர்லாந்து பிரபுவின் படையோ சண்டைக்கே வரவில்லை.

இதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு. முதலாவது, வாசகரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘மாறுவானா’ என்பதைவிட ‘எப்போது மாறுவான்’ என்பது நீண்ட நேரம் தாங்கும். இரண்டாவது, துரோகம் என்றால் வாளைத் திருப்பிக் குத்துவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா நிற்பதும் துரோகம்தான், நடைமுறையில் அதுதான் மலிவு. ஜெயித்தவனிடம் ‘உனக்காகத்தான் நின்றேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். தோற்றவன் பிழைத்துவந்தால் ‘ஆணை வந்து சேரவில்லை’ எனலாம்.

உங்கள் பிரபுவின் மனப்போராட்டம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவன் நிலம் எங்கே? ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வையுங்கள்: நிலத்தை யார் கொடுத்தது, யாரால் பறிக்க முடியும், பெண் கொடுத்த வீடு எது, பெண் எடுத்த வீடு எது, பிள்ளை யாருடைய கோட்டையில் வளர்கிறான், யாரோடு எல்லை வழக்கு, யாரிடம் கடன். இந்தப் பக்கத்தில் குறைந்தது இரண்டு வரியாவது எதிரிப் பக்கம் இழுக்கவில்லை என்றால் அந்த ஆள் கட்சி மாறமாட்டான். நீங்கள்தான் பிடித்துத் தள்ளுகிறீர்கள்.

இன்னொன்று, அவன் மாறினால் மட்டும் போதாது. அவனுக்குக் கீழே இருபது சின்னப் பிரபுக்கள் இருப்பார்கள், அவர்களும் அரசனிடம் சத்தியம் செய்தவர்கள்தான். முந்தைய இரவு கூடாரத்தில் அவர்களிடம் இவன் எப்படிச் சொன்னான், யார் முகம் சுளித்தார்கள், யார் விடிவதற்குள் ஓடிப்போய்க் காட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள்? அந்தக் காட்சியைத்தான் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் உலகத்தில் 23 குலங்கள். அதிகமா?

பதில்: பெயரளவில் இருந்துவிட்டுப் போகட்டும். கதையை நகர்த்துபவை நாலைந்து போதும். மற்றவை அந்த நாலைந்தில் ஏதோ ஒன்றின் கொடியின்கீழ் நிற்கட்டும். முதல் நூறு பக்கத்துக்குள் மூன்றுக்குமேல் குலச்சின்னங்களை அறிமுகப்படுத்தாதீர்கள். பெயர்களின் முதலெழுத்தாவது வெவ்வேறாக இருக்கட்டும், புண்ணியமாகப் போகும்.

கேள்வி: விசுவாசமான பாத்திரம் எழுதினால் சப்பென்று இருக்கிறது. துரோகிதான் மின்னுகிறான்.

பதில்: ஒரே ஒரு சத்தியம் செய்தவன் சப்பென்றுதான் இருப்பான். அவனுக்கு இரண்டு எஜமானர்களைக் கொடுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் இது அன்றாட நடப்பு. ஒருவனுக்கு நாலு இடத்தில் நிலம், நாலு பேரிடம் மண்டியிட்டுச் சத்தியம், அந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் சண்டை. 13-ஆம் நூற்றாண்டில் ஜான் ஆஃப் டூல் என்ற பிரபு இதை எழுத்திலேயே வைத்துவிட்டார். கிராண்ட்ப்ரே கோமகன் தன் சொந்த வழக்கில் ஷாம்பேன் கோமகனோடு மோதினால், தான் நேரில் கிராண்ட்ப்ரே பக்கம் நிற்பதாகவும், ஷாம்பேன் நிலத்துக்காகத் தரவேண்டிய வீரர்களை ஷாம்பேனுக்கே அனுப்பிவிடுவதாகவும் அந்த ஆவணம் சொல்கிறது. உடம்பு ஒரு பக்கம், படை எதிர்ப்பக்கம்! இவர் இரண்டு கடனையும் ஒழுங்காகத் தீர்க்கிறார், ஆனால் களத்தில் தன் ஆட்களுக்கு எதிரிலேயே நிற்க நேரலாம். செஞ்சோற்றுக்கடன் தீர்க்கும் பாத்திரத்தை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள், துரோகி மங்கிப்போவான்.

கேள்வி: பிள்ளை பணயமாக எதிரி கோட்டையில் இருக்கும்போது எந்தத் தகப்பனாவது வாக்கு மீறுவானா?

பதில்: மீறியிருக்கிறார்கள். 1152-ல் இங்கிலாந்தின் நியூபெரியில் ஸ்டீபன் மன்னர் முற்றுகையிட்டபோது ஜான் மார்ஷல் என்ற பிரபு தன் சின்னஞ்சிறு மகனை அவரிடம் பணயமாகக் கொடுத்துவிட்டு, போர்நிறுத்தத்தைப் பயன்படுத்திக் கோட்டையை இன்னும் பலப்படுத்திக்கொண்டார். பையனைத் தூக்கிலிடப் போகிறோம் என்று சொல்லியனுப்பியபோது, ‘இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்க என்னிடம் சம்மட்டியும் பட்டடைக்கல்லும் இருக்கின்றன’ என்று பதில் வந்ததாக அந்த மகனின் வாழ்க்கை வரலாற்றுக் காவியம் சொல்கிறது. ஸ்டீபனுக்கு மனசு வரவில்லை, பையன் பிழைத்தான். அவன்தான் பிற்காலத்தில் விசுவாசத்துக்கே பெயர்போன வில்லியம் மார்ஷல். 1216-ல் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நிர்வகித்தவர்.

பணயம் உயிரோடு இருக்கும்வரைதான் பிடி. கொன்ற கணத்தில் பிடி போய்விடும், பகை மட்டும் மிஞ்சும். இது தகப்பனுக்கும் தெரியும். ஆகவே ‘மாறினால் மகன் சாவான்’ என்பதோடு நிறுத்தாமல், பணயம் வைத்திருப்பவன் உண்மையில் கொல்லக்கூடியவனா என்பதை முன்பே ஒரு சிறு சம்பவத்தில் காட்டிவிடுங்கள். நிரந்தர ஏற்பாடாக வேண்டுமானால் ஜப்பானின் டொகுகாவா ஆட்சி நல்ல மாதிரி. 1635 முதல் பிரபுக்கள் முறைவைத்து எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) வந்து தங்கவேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் அங்கேதான். சாலைச் சாவடிகளில் நகருக்குள் வரும் துப்பாக்கியையும், வெளியே போகும் பெண்களையும் குறிப்பாகத் துழாவினார்கள். மனைவி நழுவினால் கலகம் வருகிறது என்று அர்த்தம். ஒரு அத்தியாயத்துக்கு இது போதாதா?

கேள்வி: விருந்துக்கு அழைத்துக் கொல்லும் காட்சி எழுதுகிறேன். ‘எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள்.

பதில்: எல்லாம் கச்சிதமாக நடப்பதால் அப்படி இருக்கும். கதவு சாத்தப்படும், பாட்டு நிற்கும், வாள்கள் உருவப்படும், எல்லோரும் செத்துவிடுவார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை.

ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னர் வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க 1692 ஜனவரி 1 கெடு. அங்கே வாழ்ந்த மக்டொனால்டு குலத்தின் தலைவர் சில நாள் தாமதமாக எடுத்தார். பிப்ரவரி தொடக்கத்தில் சுமார் 120 சிப்பாய்கள் வந்து அவர்கள் வீடுகளிலேயே தங்கினார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஒரே கூரையின்கீழ் சாப்பாடு, தூக்கம். தளபதி ராபர்ட் கேம்பலின் உறவுப்பெண் அந்த வீட்டு இளைய மகனின் மனைவி. 12-ஆம் தேதி அவருக்கு எழுத்தில் ஆணை வந்தது: எழுபது வயதுக்குட்பட்ட அனைவரையும் வெட்டவேண்டும், காலை சரியாக ஐந்து மணிக்கு. விடிவதற்குள் சுமார் 38 பேர் கொல்லப்பட்டார்கள். ஆனால் கணவாய்களை அடைக்க வேண்டிய படை பனியில் தாமதித்ததால் பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். குறிவைக்கப்பட்ட தலைவரின் இரண்டு மகன்களும் தப்பியவர்களில் சேர்த்தி. அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டத்தில், நம்பிக்கை கொடுத்துக் கொல்வது சாதாரணக் கொலையைவிடக் கொடிய தனிக் குற்றமாக இருந்தது.

உங்கள் காட்சிக்கு இதிலிருந்து எடுக்கவேண்டியது ரகசியக் கணக்கு. இருநூறு பேருக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்த சதி வெளியே கசியாது என்றால் யார் நம்புவார்கள்? ஐந்தாறு பேருக்கு மட்டும் தெரியட்டும். மற்றவர்களுக்குக் கடைசி மணி நேரத்தில் ஆணை. அப்போது ஒருவன் தயங்குவான், ஒருவன் விருந்தாளிக் குழந்தையிடம் ஜாடையாகச் சொல்லிவிடுவான். வெளிவாசல், குதிரை லாயம், சமையலறைப் பின்கதவு ஆகிய மூன்றையும் யார் அடைக்கிறார்கள் என்று வரைபடம் போட்டு, அதில் ஒன்று தவறட்டும்.

லாபம் யாருக்கு என்பதும் முக்கியம். 1440 நவம்பரில் எடின்பரோ கோட்டைக்கு அழைக்கப்பட்டு, பத்து வயது மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பெயரால் அவசர விசாரணை நடத்தித் தலைவெட்டப்பட்ட டக்ளஸ் பிரபு பதின்வயதுப் பையன், கூட அவன் தம்பி. விருந்து மேசையில் சாவின் அடையாளமாகக் கருங்காளைத் தலை வைத்தார்கள் என்று சொல்லப்படும் கதை பிற்காலச் சரக்கு. கவனிக்கவேண்டியது பட்டம் யாருக்குப் போயிற்று என்பதை. அதே குலத்தில் பாட்டனாரின் தம்பிக்கு! அவர் பழிவாங்கப் புறப்படவில்லை. விருந்துக் கொலைக்கு உள்வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அவன் கொலைகாரனாக இருக்கவேண்டிய அவசியமில்லை, வாரிசாக இருந்தால் போதும்.

கேள்வி: 5,000 பேர் கொண்ட நட்புப்படை 300 கிலோமீட்டரை மூன்று நாளில் கடந்துவருகிறது. சரியா?

பதில்: வண்டிகளோடு நாளுக்கு 20 கிலோமீட்டர் என்று வையுங்கள், 15 நாள். ஆளுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் தினமும் 5 டன். ஆயிரம் குதிரைகள் இருந்தால், ஒன்றுக்குத் தானியமும் வைக்கோலுமாக 10 கிலோ, அது இன்னொரு 10 டன். மொத்தம் 225 டன்னை யாரும் சுமந்துவர முடியாது. வழியில் யாருடைய களஞ்சியமாவது திறக்கவேண்டும். போகிற வழியில் ஒரு பிரபு வாளையே தொடாமல் களஞ்சியத்தைப் பூட்டிவைத்தால் போதும், படை அங்கேயே நின்றுவிடும்.

குதிரை மாற்றிப்போகும் தூதன் நாளுக்கு 100 கிலோமீட்டர் போவான். செய்தி மூன்றாம் நாளே சேர்ந்துவிடும். படை வர இன்னும் 12 நாள். யார் பக்கம் சேர்வது என்று பேரம் பேச அந்த 12 நாள் தாராளம். இதைச் சுருக்கினால் நீங்கள் இழப்பது பூகோளத்தை மட்டுமல்ல, சதிக்கான அவகாசத்தையும். இன்னொரு வசதி: பல இடங்களில் நிலத்துக்கான படைச்சேவை வருடத்துக்கு 40 நாள் என்பது வழக்கம். 41-ஆம் நாள் ஊர் திரும்புகிறவனைச் சட்டப்படி துரோகி என்று சொல்ல முடியாது.

கேள்வி: துரோகம் செய்தவனுக்குப் பிறகு என்ன ஆகவேண்டும்? உடனே கொன்றுவிடலாமா?

பதில்: வேண்டாம், முதலில் பரிசு கொடுங்கள். 1600-ல் செகிகஹாரா போரில் கட்சி மாறி டொகுகாவா இயெயாசுவுக்கு வெற்றி தேடித்தந்த கொபயகாவா ஹிதெயாகி பெரிய நிலப்பரப்பைப் பெற்றார். 1602-ல் வாரிசில்லாமல் இளவயதிலேயே இறந்தார், குலத்தின் நிலம் கைவிட்டுப்போயிற்று. பாஸ்வொர்த்தில் ஹென்றியைக் காப்பாற்றிய வில்லியம் ஸ்டான்லியை 1495-ல் அதே ஹென்றியே ராஜத்துரோகத்துக்காகத் தலைவெட்டினார். ஒருமுறை மாறியவன் மறுமுறையும் மாறுவான் என்ற சந்தேகம் பரிசு கொடுத்தவன் மனசில்தான் முதலில் முளைக்கும்.

கேள்வி: என் உலகில் சத்தியத்தை மீறினால் மந்திரம் கொன்றுவிடும். அப்புறம் துரோகத்துக்கு எங்கே இடம்?

பதில்: வாசகத்தில். சத்தியத்தின் முழு வாசகத்தையும் முதல் பாகத்திலேயே வார்த்தை மாறாமல் அச்சில் கொடுத்துவிடுங்கள். ‘உன் எதிரிக்கு உதவமாட்டேன்’ என்று சத்தியம் செய்தவன் உனக்கும் உதவாமல் நிற்கலாம். ‘என் வாழ்நாள்வரை’ என்றால் மகனைக் கட்டாது. ‘உன் குலத்துக்கு’ என்றால் குலத்தலைவன் யார் என்ற வழக்கு முடியும்வரை மந்திரத்துக்கே குழப்பம்தான். மூன்றாம் பாகத்தில் அவன் எந்த இடைவெளி வழியே நழுவப்போகிறான் என்பதை முடிவுசெய்த பிறகு வாசகத்தை எழுதுங்கள். எழுதியபின் ஓட்டை தேடினால் அசடு வழியும்.