ஆள்காட்டியின் கூடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெள்ளகோவிலை அடுத்த ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த ஜனவரியில் 30 குழந்தைகளைத் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு அழைத்துச் சென்றோம். கரைமேல் ஏறியதுமே வாத்துகள் மொத்தமாக எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டன. இப்போது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், தங்கள் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், ஆள்காட்டிக் குருவி 4 முட்டைகள் இட்டிருப்பதாகச் சொல்லி வகுப்பு முழுவதையும் அழைக்கிறான். போகலாமா? கை பட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும் என்று சொல்லிவைத்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

வகுப்பாகப் போக வேண்டாம். அந்தப் பையனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் தொலைவிலிருந்து.

கை பட்டால் கூட்டைத் துறந்துவிடும் என்பதை நம் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லிவந்தார்கள். ஆனால் பெரும்பாலான பறவைகள் மனித வாசனைக்காக முட்டையை விட்டுப் போவதில்லை. இதை நம்பி வளரும் குழந்தை, தொடாமல் இருந்தால் போதும் என்று எண்ணிக் கூட்டருகே அரைமணி நேரம் நின்றுகொண்டிருக்கும். கேடு அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஆள்காட்டிக்குக் கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. வெறுந்தரையில் சிறு குழி, அதைச் சுற்றிப் பொடிக்கற்களும் ஆட்டுப் புழுக்கையும், நடுவே கூர்முனைகள் உள்நோக்கியபடி 4 முட்டைகள். மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அவற்றைக் காலடியில் கிடந்தாலும் கண்டுகொள்வது கடினம். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய 4 வாரம் அடைகாக்கின்றன. சித்திரை வெயிலில் இந்த அடைகாப்பு சூடேற்றுவதற்கன்று, நிழல் தருவதற்கு. வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டைமேல் அமர்வதும் உண்டு. நாம் அருகில் நின்றால் அது தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றும். கீழே முட்டைகள் வெயிலில் வேகும். நாம் குனிந்து பார்க்கும் இடத்தைக் காகமும் பார்த்துவைத்துக்கொள்ளும்.

பத்து வயதில் எங்கள் கிளுவை வேலியில் கொண்டைக்குருவியின் கூட்டைக் கண்டேன். குஞ்சுகள் நன்றாகத் தெரியட்டும் என்று மறைத்திருந்த ஒரு கிளையை ஒடித்தேன். கூட்டை நான் தொடவேயில்லை. மறுநாள் காலை கூடு காலியாக இருந்தது. வேலியடியில், குஞ்சுகளைத் தின்னும் செண்பகப் பறவை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஐம்பது ஆண்டுகளாகியும் அந்தக் கிளை ஒடிந்த ஓசை எனக்கு மறக்கவில்லை.

ஆகவே எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று குழந்தைகளுக்கு அளவு சொல்லாதீர்கள், அதைப் பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது மேய்ச்சலை நிறுத்தித் தலை தூக்கினால் அதுதான் எல்லை. இரண்டெட்டுப் பின்வாங்கி உட்கார வேண்டும். மறுபடி மேயத் தொடங்கினால் நம்மைப் பொறுத்துக்கொண்டது என்று பொருள். இதைப் பழக்கக் குளத்துக்குப் போக வேண்டியதில்லை, பள்ளி வேப்பமரத்தடியில் இரைதேடும் மைனாக்களே போதும். பெயர்களைப் பிறகு கற்றுக்கொள்ளட்டும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று எண்ணி அது அலைக்கழியும்.

நஞ்சராயன் குளத்தில் நடந்ததும் பறவையின் எல்லையை மீறியதுதான். கரைமேல் நின்றால் நம் உருவம் வானத்தின் பின்னணியில் முழுதாகத் தெரியும். வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வந்து மேயும் ஊசிவால் வாத்துக்கு, வீணாக எழுந்து பறப்பது இரையையும் ஓய்வையும் ஒருங்கே இழப்பதாகும். 2024இல் ராம்சார் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பெருமைக்குரிய குளம் அது. அடுத்த முறை ஆறாறு பேராக, கரைச்சரிவில் தலைமட்டும் தெரிய உட்காரவைத்துப் பாருங்கள்.

அந்தப் பையன் கொறங்காட்டுப் படலுக்கு வெளியே, வெயில் ஏறுமுன் கால்மணி நேரம் உட்காரட்டும். ஆள்காட்டி கத்தினால் அன்றைக்கு எழுந்து வந்துவிட வேண்டும். எது அடைகாக்கிறது, எப்போது மாறுகிறது, ஆடுகள் நெருங்கினால் என்ன செய்கிறது என்று தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் அதை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் அந்தக் கூட்டை அப்படிப் பார்த்துக்கொள்ளட்டும்.