அயர்லாந்தில் ஸ்கை என்ற கட்டண சேட்டிலைட் டிவியின் சந்தாவை நிறுத்திவிட்டோம். சுவரில் உள்ள பழைய டிஷ்ஷை வைத்து இலவசமாக டிவி பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் எந்தப் பெட்டியை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்கை டிஷ் கிழக்கு 28.2 பாகையில் உள்ள செயற்கைக்கோள்களைப் பார்த்தபடி இருக்கும். பிபிசி, ஐடிவி, சேனல் 4 எல்லாம் அங்கிருந்து பூட்டில்லாமல் வருகின்றன. சாதாரண சேட்டிலைட் ரிசீவரே போதும்.

சிக்கல் உள்ளூர் சேனல்களில்தான். ஆர்டிஇ, டிஜி4 ஆகியவை அதே செயற்கைக்கோளில் இருந்தாலும் ஸ்கை கார்டு இல்லாமல் திறக்காது. அவற்றை இலவசமாகத் தருவது சோர்வியூ என்ற அயர்லாந்தின் ஆன்டெனா வழி டிவி சேவை. அதற்குக் கூரையிலோ பரணிலோ ஒரு யுஎச்எஃப் ஆன்டெனா வேண்டும். அதனால் டிஷ், ஆன்டெனா இரண்டையும் செருகக்கூடிய 'காம்போ' பெட்டி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஒரே ரிமோட், ஒரே சேனல் பட்டியல். பிரிட்டனின் இலவச சேட்டிலைட் சேவையான ஃப்ரீசாட்டின் பெட்டியும் வேலை செய்யும், ஆனால் அது பிரிட்டன் போஸ்ட்கோடு கேட்கும். பலரும் பெல்ஃபாஸ்ட் போஸ்ட்கோடு ஒன்றைத் தட்டிவிட்டு நகர்கிறார்கள்.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். வீட்டில் இருந்தது ஸ்கை க்யூ என்ற வகைப் பெட்டி என்றால், டிஷ்ஷின் முன்கையில் சிக்னலைப் பிடித்து கேபிளுக்கு அனுப்பும் எல்என்பி என்ற கருவி வேறு வகை. சாதாரண ரிசீவரில் அதைச் செருகினால் சேனல் எதுவும் கிடைக்காது, பெட்டி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். எல்என்பியை மட்டும் மாற்றினால் போதும், பெரிய செலவில்லை. ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க வேண்டுமா? அப்படியானால் டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் வர வேண்டும்.

அப்புறம், மாதச் சந்தா இல்லையே தவிர ஆண்டுக்கு 160 யூரோ டிவி லைசென்ஸ் கட்டாயம் கட்ட வேண்டும்.