மழலையர் கல்வி டிப்ளமோ முடித்த பிறகு ஆசிரியராக உங்களிடம் என்ன வளர்ச்சி ஏற்பட்டது?

கேட்டவர் இப்போதுதான் படிப்பை முடித்திருப்பார், சம்பளம் கூடுமா என்று யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐநூறு ரூபாய் ஏற்றினார்கள், கூடவே வேன் டியூட்டியையும் தலையில் கட்டினார்கள்.

மதுரைப் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் எல்கேஜி எடுக்கிறேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்த பிறகுதான் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் டிப்ளமோ படித்தேன். "ஆயா வேலைக்கு எதுக்கு டிப்ளமா?" என்று என் நாத்தனார் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. (எங்கள் ஆயாம்மா ஒரு நாள் வராவிட்டால் பத்தரை மணிக்கு மேல் வகுப்பே நடக்காது, அது வேறு விஷயம்.)

வளர்ச்சி என்று கேட்டால், பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதவைப்பதை விட்டேன். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் எனக்கு அதில்தான் நல்ல பெயர். ஜூனில் சேர்ந்த பிள்ளை தீபாவளிக்குள் அ முதல் ஃ வரை எழுதிவிடும். படிப்பில் ஒரு நாள் மூன்று வயதுக் குழந்தையின் கை எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். மணிக்கட்டு இருக்கவேண்டிய இடம் முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. படம் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தேன். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டாம். அந்த வயதில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் தெரியாது. அன்றைக்கு மத்தியானம் டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை.

டாக்டர்கள் யாராவது வந்து "பிடித்து எழுதினால் எலும்பு ஒடிந்துவிடுமா" என்று கேட்கவேண்டாம். ஒடியாது. நானும் அப்படி எழுதி வளர்ந்தவள்தான். அழுதுகொண்டே எழுதினேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஒரு பையன் வந்தான். பென்சிலைப் பார்த்தாலே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான். நான் நோட்டை எடுக்கவில்லை. ஒரு கயிறு, நாலு கர்சீப், துணி மாட்டும் கிளிப் கொஞ்சம், அவ்வளவுதான் கொடுத்தேன். முதல் நாள் கிளிப்பின் வாய் திறக்கவே இல்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கினான். என் கை தானாகப் போனது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாம் நாள் ஒரு கர்சீப் கோணலாகத் தொங்கியது. அப்புறம் தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் ட, ப. நேர்கோடு போதும். அத்தனை சுழியுள்ள 'அ'வை ஏன் முதலில் எழுதச் சொல்கிறோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆகஸ்டில் அவன் அம்மா வந்தார். "நோட்டு வெள்ளையாவே இருக்கே மிஸ்?" ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். தீபாவளி வரை டைம் கேட்டேன். ஒரு வாரம் கழித்து அவன் பாட்டி வந்தார். "டீச்சர், கொடியில ஒரு கிளிப் இல்ல. பூராம் இவன் டவுசர் பைக்குள்ள கெடக்கு. துணி மொட்டமாடி பூரா பறக்குது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஆனா சட்டை பட்டன இப்ப அவனே போட்டுக்கிறான்."

எழுதினானா? பொங்கலுக்கு அப்புறம் எழுதினான். மற்றவர்களைவிடப் பின்னால்தான்.

'வெளிநாட்டுப் படிப்பு, நம்ம ஊருக்கு ஒத்துவராது' என்பவர்களுக்கு: இப்படிக் கையால் செய்து பழகவிடும் முறையை உருவாக்கிய இத்தாலிக்காரர் மான்டிசோரி அம்மையார் 1939-லேயே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார். நான் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை. கிளிப் ஒரு டஜன் கடைத்தெருவில் கிடைக்கிறது.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டமே 6 வயதில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற எங்களை யார் கேட்கப்போகிறார்கள்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கே லிப்ஸ்டிக் போட்டு, வாடகை டிரெஸ்ஸை மாட்டி உட்காரவைக்கிறோம். சிறப்பு விருந்தினர் ஏழரைக்கு வருவார். தண்ணீர் கொடுத்தால் மேக்கப் கலைந்துவிடுமாம். போன வருஷம் எங்கள் மயில் தோகையோடு என் மடியிலேயே தூங்கிவிட்டது. பாட்டு போட்டார்கள், நான் எழுப்பவில்லை. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம்.